ஷாங்ஹான்: குளிரின் பெயரைத் தாங்கிய காய்ச்சல் மருத்துவம்

ஷாங்ஹான் என்பது மரபுவழிச் சீன மருத்துவத்தில் காய்ச்சலுடன் தொடங்கும் நோய்களின் பெருந்தொகுதி ஒன்றைக் குறிக்கும் பெயர். 'ஷாங்' என்றால் கேடு. 'ஹான்' என்றால் குளிர். குளிரால் விளைந்த கேடு என்பது இதன் சொற்பொருள். இதற்கு அடிப்படையான 'ஷாங்ஹான் லுன்' என்னும் நூல் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாங் ஜோங்ஜிங் என்பவரால் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படுகிறது. சீனாவில் மட்டுமன்றி ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளின் மரபு மருத்துவத்திலும் இந்நூலின் மருந்துகள் இன்றும் வழங்குகின்றன.

பெயர் நோயின் காரணத்தைச் சொல்கிறது. நூலோ காரணத்தைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறது. நோயாளியின் உடலில் இன்று என்ன தெரிகிறது, நேற்றுக் கொடுத்த மருந்துக்குப் பின் என்ன மாறியது என்பதையே அது பத்தி பத்தியாக விவரிக்கிறது. ஷாங்ஹான் மரபின் வலிமை இந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது. அதன் பெயரால் நேர்ந்த தீங்குகள் பலவும் பின்வந்தோர் பெயரைப் பிடித்துக்கொண்டு கவனிப்பைக் கைவிட்டதால் நேர்ந்தவை. ஆனால் இந்த ஒரு வாதத்தால் மரபு முழுவதையும் காப்பாற்றிவிட முடியாது என்பதற்கும் அண்மைக்காலச் சான்று உண்டு.

பெயர்க் குழப்பம்

பழைய நூல்களிலேயே இச்சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உள்ளன. 'நான் ஜிங்' என்னும் பழஞ்சீன மருத்துவ நூலின் 58ஆம் வினா, ஷாங்ஹான் ஐந்து வகைப்படும் என்று கூறுகிறது. அந்த ஐந்தில் ஒன்றின் பெயரும் ஷாங்ஹான்தான். மற்றவற்றில் வெப்ப நோய்களும் அடங்கும். அதாவது விரிந்த பொருளில் ஷாங்ஹான் என்பது காய்ச்சல் நோய்கள் அனைத்தும். குறுகிய பொருளில் வியர்வை இன்றிக் குளிரும் உடல்வலியுமாக வரும் ஒரு வகை மட்டும். 'சு வென்' நூலின் 31ஆம் இயலும் வெப்ப நோய்களைக் குளிர்க்கேட்டின் இனமாகவே சேர்க்கிறது. எந்த இடத்தில் எந்தப் பொருள் என்பதை ஒவ்வொரு உரையாசிரியரும் தத்தம் வசதிக்கேற்ப முடிவு செய்தனர்.

இதற்கு மேல் மூன்றாவது பொருளும் பின்னாளில் சேர்ந்தது. இன்றைய சீன மொழியில் மருத்துவமனையில் 'ஷாங்ஹான்' என்றால் டைபாய்டு. டைபஸ் காய்ச்சலுக்கான பெயரிலும் அதே சொல் உண்டு. மேலை மருத்துவச் சொற்களுக்குச் சீனப் பெயர் தேடியவர்கள் பழைய சொல் ஒன்றை எடுத்துப் புதிய நோயின்மீது ஒட்டினர். டைபாய்டு என்பது குறிப்பிட்ட ஒரு பாக்டீரியாவால் வரும் நோய். பழைய ஷாங்ஹானோ பல நோய்களுக்குப் பொதுவான குறிகுணங்களின் கோவை. பழைய நூல்களில் ஷாங்ஹான் என்று கண்ட இடமெல்லாம் டைபாய்டு என மொழிபெயர்ப்பது பெரும் பிழை.

தமிழில் இதைச் 'சளி' என்றோ 'குளிர்காய்ச்சல்' என்றோ எழுதினாலும் இதே சிக்கல்தான். முன்னது நோயைச் சிறிதாக்கிவிடும். பின்னது மலேரியாவை நினைவூட்டும். தமிழரின் 'ஜலதோஷம்' என்ற சொல்லிலும் காரணம் ஒளிந்திருக்கிறது என்பதைக் கருதினால் சீனர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஜலதோஷம் என்ற சொல்லை வைத்து யாரும் ஒரு மருத்துவ முறையை எழுப்பவில்லை.

நூலும் அதன் காலமும்

ஹான் பேரரசு சிதைந்துகொண்டிருந்த காலத்தில் இந்நூல் பிறந்தது. 196ஆம் ஆண்டுக்குப் பிந்திய பத்தாண்டுகளுக்குள், 200 பேருக்கு மேற்பட்ட தம் குலத்தாரில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்தனர் என்றும், இறந்தவர்களில் பத்தில் ஏழு பேர் ஷாங்ஹானுக்குப் பலியாயினர் என்றும் முன்னுரை கூறுகிறது. ஜாங் ஜோங்ஜிங்கைப் பற்றி அக்கால அரச வரலாற்று நூலில் வாழ்க்கைக் குறிப்பு எதுவும் இல்லை. அவரது மூல நூல் சிதறிப்போய், வாங் ஷூஹே என்ற மருத்துவரால் தொகுக்கப்பட்டது. இன்று வழங்கும் வடிவம் 1065இல் சோங் அரசின் மருத்துவ நூல் திருத்தக் குழு அச்சிட்ட பதிப்பை ஒட்டியது. எழுதப்பட்டதற்கும் அச்சேறியதற்கும் இடையே 800 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபாங் யோஜி என்பவர், வாங் ஷூஹே நூலின் வரிசையைக் குலைத்துவிட்டார் எனக் குற்றஞ்சாட்டித் தாமே புதிதாக அடுக்கினார். மூலப்படி யாரிடமும் இல்லாதபோது சரியான வரிசை இதுதான் என்று பல தலைமுறையினர் வாதிட்டது, ஆய்வைவிட நூல் வழிபாட்டுக்கே நெருக்கமானது.

படுக்கையருகே நூல் செய்வது

நூலின் இன்றைய பதிப்பில் 398 பத்திகள் உள்ளன. அவை நோயை ஆறு நிலைகளாகப் பிரிக்கின்றன: தாய்யாங், யாங்மிங், ஷாவோயாங், தாய்யின், ஷாவோயின், ஜுவேயின். முதல் நிலையில் தலைவலி, பிடரி இறுக்கம், குளிர் பொறுக்காமை ஆகியவை தெரியும். நாடி மேலோட்டமாகத் துடிக்கும். யாங்மிங் நிலையில் குளிர் மறைந்து கடுஞ்சூடு எழும். ஷாவோயாங்கில் குளிரும் சூடும் மாறி மாறி வரும், வாய் கசக்கும், விலாப்பகுதி கனக்கும். ஷாவோயினில் நாடி மெலிந்து, நோயாளி ஓயாமல் தூங்கவே விரும்புவார்; கைகால்கள் சில்லிடும். யாங்மிங்குக்குத் தரும் வெண்புலிக் கஷாயத்தில் ஜிப்சம் முதன்மையான சரக்கு. அது சூட்டைத் தணிப்பதற்கானது. ஷாவோயினுக்குத் தரும் கஷாயத்தில் நாபி இனத்தைச் சேர்ந்த நச்சுவேரும் சுக்கும் அதிமதுரமும் சேரும். குளிர்க்கேடு என்று பெயர் பூண்ட நூல் கடுஞ்சூட்டுக்கும் கடுங்குளிருக்கும் எதிரெதிர் மருந்துகளைத் தருகிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். பெயரை மட்டும் படித்தவருக்கு இது தெரியாது.

முதல் நிலையிலேயே நூல் இரண்டு நோயாளிகளைப் பிரித்துப் பார்க்கிறது. இருவருக்கும் காய்ச்சல், இருவருக்கும் குளிர். ஒருவருக்கு வியர்க்கிறது, மற்றவருக்கு வியர்க்கவில்லை. வியர்ப்பவருக்கு இலவங்கப்பட்டை இனத்து மரத்தின் இளங்கிளை, வெண்பியோனி வேர், இஞ்சி, சீன இலந்தை, அதிமதுரம் சேர்ந்த குய்ஜி கஷாயம். வியர்க்காதவருக்கு மா ஹுவாங் எனப்படும் எபிட்ரா செடியின் தண்டும் ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பும் சேர்ந்த மா ஹுவாங் கஷாயம். ஒரே ஒரு குறிகுணம் மருந்தை மாற்றிவிடுகிறது.

குய்ஜி கஷாயத்தைக் குடிக்கும் முறை இந்நூலின் மிகச் சிறந்த பகுதி எனலாம். குடித்த சிறிது நேரத்தில் சூடான நீர்க்கஞ்சி குடிக்க வேண்டும். பிறகு போர்த்திக்கொண்டு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். உடல் முழுவதும் மெல்ல ஈரம் கசிய வேண்டுமே ஒழிய வியர்வை நீராக ஓடக் கூடாது; ஓடினால் நோய் நீங்காது. முதல் வேளையிலேயே குணம் கண்டால் மீதிக் கஷாயத்தைக் குடிக்க வேண்டியதில்லை. பச்சையான, குளிர்ந்த, வழவழப்பான உணவும், இறைச்சியும், மதுவும், பால்பொருள்களும் ஆகா. மதுப்பழக்கம் உள்ளவருக்கு இம்மருந்தே கூடாது. அவர்களுக்கு இனிப்பு ஒவ்வாமல் வாந்தி வரும் என்று ஒரு பத்தி எச்சரிக்கிறது. காய்ச்சல்காரரின் அருகில் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்த ஒருவரால்தான் இவ்வளவு நுணுக்கமாக எழுத முடியும்.

மருந்து தவறினால் என்ன ஆகும் என்பதற்கே நூலின் பெரும் பகுதி செலவாகிறது. வியர்க்க வைக்க வேண்டிய இடத்தில் பேதிக்குக் கொடுத்தால் என்ன நேரும், மிகையாக வியர்க்க வைத்தால் என்ன நேரும், அதன்பின் என்ன செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறது. தொண்டை வறண்டவர், மூக்கில் இரத்தம் வடிபவர், இரத்தம் இழந்தவர் ஆகியோருக்கு மா ஹுவாங் கொண்டு வியர்க்க வைக்கக் கூடாது. தன் துறையின் பிழைகளை இவ்வளவு இடம் ஒதுக்கிப் பதிவு செய்த பழைய மருத்துவ நூல்கள் மிகக் குறைவு.

எபிட்ராவின் செயல்பாடு பின்னாளில் ஆய்வகத்திலும் தெரிந்தது. 1885இல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி அதிலிருந்து எபிட்ரின் என்னும் வேதிப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1924இல் பீக்கிங்கில் சென் கெஹுயியும் கார்ல் ஷ்மிட்டும் அதன் விளைவுகளை வெளியிட்ட பின் அது ஆஸ்துமா மருந்தாக உலகெங்கும் பரவியது. இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அது உயர்த்தும். உடல் எடையைக் குறைப்பதற்கென்று எபிட்ரா கலந்த துணை உணவுகள் விற்கப்பட்டு உயிரிழப்புகள் நேர்ந்தபின், 2004இல் அமெரிக்கா அவற்றைத் தடை செய்தது. மருந்து செயல்படுகிறது என்பதற்கு இது சான்று. குளிரை அது வெளியேற்றுகிறது என்பதற்கு இது சான்றாகாது. ஆதரவாளர்கள் இவ்விரண்டையும் அடிக்கடி ஒன்றாக்கிவிடுகின்றனர்.

குளிர் காரணமா?

காய்ச்சல் ஏறும்போது மூளை உடலின் வெப்ப இலக்கை உயர்த்துகிறது. உடல் இன்னும் அந்த அளவை எட்டாததால் நோயாளி குளிர்வதாக உணர்கிறார். நடுங்குகிறார், போர்வை கேட்கிறார். வெளியிலிருந்து எந்தக் குளிரும் உள்ளே புகத் தேவையில்லை. நோயின் முதல் குறிகுணம் நோயின் காரணமாகப் பெயர் பெற்றுவிட்டது என்பதே ஷாங்ஹானுக்குப் பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

குளிர் முற்றிலும் தொடர்பற்றது என்றும் சொல்வதற்கில்லை. பிரிட்டனின் கார்டிஃப் நகரில் 2005இல் வெளியான ஆய்வில் 90 பேரின் கால்களைக் குளிர்நீரில் 20 நிமிடம் வைத்தனர். மேலும் 90 பேரின் கால்களுக்கு அவ்வாறு செய்யவில்லை. அடுத்த நான்கைந்து நாள்களில் முதல் குழுவில் 13 பேரும் இரண்டாம் குழுவில் 5 பேரும் தங்களுக்கு ஜலதோஷம் பிடித்ததாகக் கூறினர். ஆனால் எவரிடமும் வைரஸ் சோதனை செய்யப்படவில்லை. 2015இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எலியின் மூச்சுப்பாதைச் செல்களில் ரைனோவைரஸ் 37 பாகையைவிட 33 பாகை வெப்பத்தில் எளிதாகப் பெருகுவதையும், அவ்வெப்பத்தில் செல்களின் எதிர்ப்பு குன்றுவதையும் காட்டினர். இவை குளிர் துணைக்காரணமாகலாம் என்ற அளவுக்கே செல்லும். வைரஸ் இன்றிக் குளிர் மட்டும் இந்நோயை உண்டாக்காது.

பெயர் மருந்தைத் தீர்மானித்தபோது

11ஆம் நூற்றாண்டின் கவிஞரும் அரசு அலுவலருமான சூ ஷி, 'ஷெங் சான் ஜி' என்ற மருந்துப்பொடியை நண்பர் ஒருவரிடமிருந்து பெற்றார். ஹுவாங்ஜோவில் கொள்ளைநோய் பரவியபோது அது பலரைக் காப்பாற்றியதாக எழுதினார். ஷாங்ஹானுக்கான அந்தச் சூட்டு மருந்தின் பெருமையாகச் சொல்லப்பட்டது, குறிகுணங்களைப் பிரித்தறிய வேண்டியதே இல்லை என்பதுதான். அக்காலத்துப் பெரிய மருத்துவரான பாங் ஆன்ஷியும் தம் நூலில் அதைச் சேர்த்துக்கொண்டார். சூ ஷியின் புகழ் மருந்தைச் சுமந்து சென்றது. அடுத்த தலைமுறையில் யே மெங்தே எழுதிய குறிப்பின்படி, 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைநகரில் இது பெருவழக்காகி, உயர்கல்விக்கூட மாணவர்கள் இதைப் பெரிதும் நம்பிக் குடித்து எண்ணற்றோர் இறந்தனர். மருத்துவர்கள் பின்னரே விழித்துக்கொண்டு கைவிட்டனர். வியர்வை உண்டா இல்லையா என்ற ஒற்றைக் கேள்விக்கு மருந்தையே மாற்றிய நூலின் பெயரால், எந்தக் கேள்வியும் வேண்டாத மருந்து விற்றது.

1641இல் சீனாவின் பல மாநிலங்களில் பரவிய கொள்ளைநோயின்போது பிரச்சினை வேறு வடிவில் திரும்பியது. அடுத்த ஆண்டு 'வென்யி லுன்' நூலை எழுதிய வூ யோஷிங், மருத்துவர்கள் ஷாங்ஹான் முறையிலேயே சிகிச்சை செய்து தோற்றனர் என்றார். நோயாளிகள் நோயால் மட்டுமன்றிச் சிகிச்சையாலும் மாண்டனர் என்பது அவரது குற்றச்சாட்டு. குளிரோ வெப்பமோ காரணம் அல்ல, மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் புகும் தனித்தனிக் கொடிய காற்றுகளே காரணம் என்றும், மாட்டைத் தாக்குவது ஆட்டைத் தாக்குவதில்லை என்பதால் அவை ஒவ்வொன்றும் வேறானவை என்றும் வாதிட்டார். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் இவ்வளவு தூரம் வந்தது வியப்புக்குரியது. அவரை நுண்ணுயிரியலின் முன்னோடி என்று இன்று புகழ்வோர், அவருக்கும் கையில் இருந்தவை பேதி மருந்துகளே என்பதைச் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

18ஆம் நூற்றாண்டின் ஜப்பானிய மருத்துவர் யோஷிமாசு தோதோ இதற்கு எதிர்த்திசையில் சென்றார். காரணக் கோட்பாடுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, இந்தக் குறிகுணத்துக்கு இந்த மருந்து என்பதை மட்டும் வைத்துக்கொண்டார். குளிர் என்ற சொல்லைக் கழித்துவிட்டாலும் ஷாங்ஹான் லுன் இயங்கும் என்பதை அவரது பள்ளி நடைமுறையில் காட்டியது.

ஷோசைகோதோ: ஒரு பாடம்

ஷாவோயாங் நிலைக்குரிய சிறு சாய்ஹு கஷாயம் ஜப்பானில் ஷோசைகோதோ எனப்படும். விலாப்பகுதிக் கனம் அதன் குறிகுணங்களுள் ஒன்று. கல்லீரல் இருப்பதும் அங்கேதான். 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானிய மருத்துவமனைகள் நாட்பட்ட கல்லீரல் அழற்சிக்கு இதைப் பெருமளவில் எழுதித் தந்தன. பிறகு சிலருக்கு நுரையீரலின் திசுக்களில் கடும் அழற்சி ஏற்பட்டது. 1996 மார்ச்சில் ஜப்பானிய சுகாதார அமைச்சகம் அவசர எச்சரிக்கை விடுத்தது: முந்தைய இரண்டாண்டுகளில் 88 பேருக்கு அழற்சி, அவர்களில் 10 பேர் மரணம். இன்டர்ஃபெரான் சிகிச்சையுடன் சேர்த்துக் கொடுப்பது ஏற்கெனவே விலக்கப்பட்டிருந்தது.

மரபு மருத்துவர்கள் பலர் சொன்ன விடை, குறிகுணக் கோவையைப் பார்க்காமல் நோயின் பெயரைப் பார்த்து மருந்து கொடுத்ததே தவறு என்பது. இதில் பாதி உண்மை. சூ ஷி காலத்துப் பிழையின் நவீன வடிவம்தான் இதுவும். ஆனால் மறுபாதி கவனிக்கத்தக்கது. குறிகுணக் கோவை சரியாகப் பொருந்தியவர்களுக்கு இந்த அழற்சி வராது என்பதற்குச் சான்று வேண்டும். தீங்கு நேர்ந்தபின் கோவை தவறியது என்றும், நேராவிட்டால் கோவை பொருந்தியது என்றும் சொல்லிக்கொண்டே போனால் அந்தக் கூற்றை எந்த நிகழ்வாலும் பொய்ப்பிக்க இயலாது. ஒரே நோயாளியை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்து ஒரே கோவையைச் சொல்கிறார்களா என்பதை முன்கூட்டியே சோதித்துப் பதிவு செய்தால்தான் இந்த வாதத்துக்கு மதிப்பு உண்டு.

2019க்குப் பின்

உலக சுகாதார மன்றம் 2019இல் ஏற்று, 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 26ஆம் இயலில் மரபு மருத்துவத்துக்கு இடம் தரப்பட்டது. ஷாங்ஹானின் ஆறு நிலைகளும் குறியீட்டு எண்களுடன் அதில் உள்ளன. இந்த இயலை நாடுகள் விரும்பினால் பயன்படுத்தலாம். இது சிகிச்சையின் பயனுக்குச் சான்றிதழ் அன்று என்று உலக சுகாதார அமைப்பு விளக்கியது. விமரிசகர்கள் அஞ்சியது அந்த விளக்கம் விளம்பரங்களில் காணாமல் போகும் என்பதை. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. எனினும் எண்ணிடப்பட்ட கோவைகளை ஒப்பிட்டு எண்ணிப் பார்க்க முடியும் என்பதால், மேலே சொன்ன சோதனைக்கு இந்த இயல் ஒரு கருவியாகவும் ஆகலாம்.

2019இன் இறுதியிலேயே கோவிட் வந்தது. வூஹானில் கண்ட நோயைச் சீன மருத்துவர் தோங் ஷியாவோலின் குளிரும் ஈரமும் சேர்ந்த கொள்ளைநோய் என்று வகுத்தார். வேறு சிலர் ஈர நச்சு என்றனர். பெயரில் உடன்பாடு வருமுன்பே, 2020 பிப்ரவரியில் 'சிங்ஃபெய் பாய்து' என்ற கஷாயத்தைச் சீன அதிகாரிகள் நாடெங்கும் பரிந்துரைத்தனர். ஜாங் ஜோங்ஜிங்கின் பல மருந்துகளைச் சேர்த்துச் செய்த அதில் 21 சரக்குகள் உள்ளன. மா ஹுவாங், குய்ஜி, ஜிப்சம், சாய்ஹு எல்லாம் ஒரே பாத்திரத்தில். நூல் வெவ்வேறு நிலைகளுக்கெனப் பிரித்து வைத்தவை இவை. முதலில் வெளியான செய்தி 214 நோயாளர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் பயன் என்றது. ஒப்பீட்டுக் குழு எதுவும் அதில் இல்லை. பெரும்பாலோர் தாமே குணமடையும் ஒரு நோயில், ஒப்பீடு இல்லாத விழுக்காடு மருந்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

அந்தப் பரிந்துரையின் பயன்பாட்டுக் குறிப்பில் ஒருநாளைக்கு ஒரு பொதி, காலையும் மாலையும் இளஞ்சூடாக, மூன்று பொதிகள் ஒரு சுற்று என்று இருந்தது. காய்ச்சல் இல்லையென்றால் ஜிப்சத்தைக் குறைக்க வேண்டும். கடுமையாக இருந்தால் கூட்ட வேண்டும். முடிந்தால் ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் அரைக் கிண்ணம் அரிசிக் கஞ்சித்தண்ணீர் குடிக்க வேண்டும். நாக்கு வறண்டிருந்தால் ஒரு கிண்ணம்.